பொதுச் சொத்தும் அதன் பட்டாவும்

ஆண்டுக் கணக்குகளைப் பார்வையிடுவதற்காக அண்மையில் ஒரு கைத்தறி நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்திற்குச் சென்றிருந்தோம். அச்சங்கத்தின் காரியதரிசி, நூல் இருப்புப் பட்டியலையும் கூலிப் பட்டியலையும் கணிப்பொறியில் தயாரித்துத் தெளிவாக அச்சிட்டு வைத்திருந்தார். அதற்கு அவர் பயன்படுத்தியது 'லிப்ரே ஆபீஸ்' என்னும் மென்பொருள். கணிப்பொறி வாங்கியதற்குச் செலவுச் சீட்டு இருந்தது, மென்பொருளுக்கு இல்லை. வழக்கப்படி அதைக் கேட்டோம். "அதற்கு விலை கிடையாதுங்க ஐயா. யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்று உரிமத்திலேயே போட்டிருக்கிறது" என்று கூறி, அந்த உரிமத்தையும் திரையில் காட்டினார்.

கூலி வாங்குவதற்காக வந்து திண்ணையில் அமர்ந்திருந்த முதியவர் ஒருவர் இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். "ஏனுங்க ஐயா, காசும் கட்ட வேண்டாமுங்கறாங்க. அப்ப அது யாருக்குங்க சொந்தம்? நாளைக்கு ஒருத்தன் வந்து 'என்னுது'ன்னு சொன்னா நம்ம கணக்கெல்லாம் என்னங்க ஆகும்?" என்று வினவினார்.

பட்டதாரி என்ற பெயர் நமக்கு இருந்தும், அன்று உடனே விடை கூற இயலவில்லை. படித்து வந்து சொல்கிறோம் என்று கூறிவிட்டுத் திரும்பினோம். படித்துப் பார்த்தபோது, அவர் கேட்டது வெறும் ஐயமன்று என்பது புலனாயிற்று. அவர் அஞ்சியதற்கு மிக அருகில் வரும் ஒரு நிகழ்ச்சி அந்த மென்பொருளின் வரலாற்றிலேயே நடந்திருக்கிறது. கூட்டுறவு அங்கத்தினர் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ளத் தக்க வரலாறு அது.

வரைதாளும் அட்டையும்

ஜக்கார்டு தறியில் நெய்யும் அங்கத்தினர்களுக்கு மென்பொருள் என்பது இன்னது என விளக்குவது எளிது. சேலையின் பூவேலை முதலில் கட்டம் போட்ட தாளில் வரையப்படுகிறது. அத்தாளைப் பார்த்து அட்டைகளில் துளையிடுகின்றனர். அட்டைகளைக் கோத்துத் தறியின்மேல் ஏற்றியபின் பூ ஒழுங்காக விழுகிறது. அட்டை மட்டும் கையில் இருந்தால் அந்தச் சேலையை நெய்யலாம். பூவை மாற்ற வேண்டுமானால் வரைதாள் வேண்டும். மென்பொருளிலும் இவ்விரண்டும் உண்டு. வரைதாளுக்கு மூலநிரல் என்று பெயர். வணிக நிறுவனங்கள் பலவும் அட்டையை விற்றுவிட்டு வரைதாளைப் பெட்டியில் பூட்டி வைக்கின்றன. திறந்த மூல மென்பொருளில் வரைதாளையும் சேர்த்தே கொடுத்துவிடுகின்றனர். எவரும் அதைப் படிக்கலாம்; திருத்தலாம்; பிரதி எடுத்துப் பிறர்க்கு வழங்கலாம்; விலைக்கு விற்கவும் செய்யலாம். இவற்றுக்கு இசைவு தரும் பத்திரமே உரிமம்.

விலையில்லாப் பொருள் என்பதால் அது உரிமையாளர் இல்லாப் பொருள் என்று எண்ணிவிடலாகாது. எழுதியவனுக்குப் பதிப்புரிமை உண்டு. அப்பதிப்புரிமையின் பலத்தில்தான் அவன் மற்றவர்க்கு உரிமம் தருகிறான். அஃது ஒரு சொத்து. அந்த மென்பொருள் ஊரறியப் பெற்றிருக்கும் பெயர் வேறொரு சொத்து. அது வணிகக் குறிச் சட்டத்தின் கீழ் வருவது. மூலநிரலைச் சேர்த்து வைத்திருக்கும் கணிப்பொறிகள், நன்கொடையாக வந்த பணம் ஆகியவை இன்னொரு வகை. இவற்றுக்கெல்லாம் மேலாக, எந்தத் திருத்தத்தை ஏற்பது, எதை மறுப்பது என்று தீர்மானிக்கும் அதிகாரம் ஒன்று உண்டு. உரிமம் முதலாவதை மட்டுமே எல்லார்க்கும் பொதுவாக்குகிறது. ஏனையவை யார் கையில் இருக்கின்றன என்பதைப் பற்றி அப்பத்திரம் பெரும்பாலும் வாய் திறப்பதில்லை.

பெயருக்கு உள்ள வலிமையை லினக்ஸின் கதை காட்டும். அதை எழுதத் தொடங்கியவர் பின்லாந்தில் மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ். ஆயினும் அமெரிக்காவில் பாஸ்டனைச் சேர்ந்த வேறொருவர் 1994-இல் 'லினக்ஸ்' என்னும் பெயரைத் தம் வணிகக் குறியாகப் பதிவு செய்ய மனுச் செய்து, அதைப் பெற்றும் விட்டார். பின்னர் அப்பெயரைப் பயன்படுத்திய நிறுவனங்களிடம் பணம் கேட்டுக் கடிதம் எழுதலானார். வழக்குத் தொடுக்க நேர்ந்தது. 1997-இல் சமரசம் ஏற்பட்டுப் பெயர் டோர்வால்ட்ஸிடம் வந்து சேர்ந்தது. பல்லாயிரவர் உழைத்த பண்டத்தின் பெயர், அதில் ஓர் இழையும் நெய்யாத ஒருவர் பேரில் சில காலம் இருந்தது.

ஓர் அலுவலக மென்பொருளின் கதை

இனி நம் சங்கக் காரியதரிசியின் மென்பொருளுக்கு வருவோம். ஜெர்மனி நாட்டில் மார்க்கோ பேரிஸ் என்னும் இளைஞர் 1985-ஆம் ஆண்டில், பதினாறு வயதில், 'ஸ்டார் டிவிஷன்' என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். கடிதம் எழுதவும் கணக்குப் போடவும் உதவும் மென்பொருள்களை அது விற்று வந்தது. 1999-இல் அமெரிக்காவின் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் அதனை விலைக்கு வாங்கிற்று. மறு ஆண்டே, 2000-ஆம் ஆண்டு அக்டோபர் 13-ஆம் நாள், மூலநிரலை உலகறிய வெளியிட்டது.

பெயர்த் தொல்லை அப்போதே தொடங்கியது. 'ஓப்பன் ஆபீஸ்' என்னும் பெயரை முன்னமே பிறர் பதிவு செய்திருந்தமையால், இணைய முகவரிபோல் 'ஓப்பன் ஆபீஸ் டாட் ஆர்க்' என்று நீட்டிப் பெயர் வைக்க வேண்டியதாயிற்று. பிரேசில் நாட்டில் அதுவும் செல்லவில்லை. அங்கே 'பி-ஆர் ஆபீஸ்' என்று மாற்றிக்கொண்டனர்.

உலகெங்கும் தன்னார்வலர் சேர்ந்தனர். நிரல் எழுதியோர் சிலர். தத்தம் தாய்மொழியில் பெயர்த்தோர் பலர். பிழை கண்டு சொன்னோர், கையேடு எழுதியோர், பள்ளிகளுக்குச் சென்று கற்பித்தோர் எண்ணற்றோர். ஒரு நிபந்தனை மட்டும் இருந்தது. நிரல் எழுதித் தருபவர், தம் பதிப்புரிமையில் சன் நிறுவனத்துக்கும் கூட்டுரிமை உண்டு என்று கையெழுத்திட்டுத் தரவேண்டும். அதன் பயனாக அந்நிறுவனம் ஒருவருக்கே, அம்மூலநிரல் முழுவதையும் தான் விரும்பிய எந்த நிபந்தனையின் கீழும் வெளியிடும் உரிமை இருந்தது. அவ்வாறே அது 'ஸ்டார் ஆபீஸ்' என்ற பெயரில் ஒரு வடிவத்தை விலைக்கும் விற்றது. சமூக மன்றம் என்ற ஓர் ஆலோசனைக் குழு இருந்தது. ஆனால் பெயர், இணைய முகவரி, மூலநிரல் வைத்திருந்த கணிப்பொறிகள் யாவும் நிறுவனத்தின் உடைமைகளே. சுதந்திரமான அறக்கட்டளை ஒன்று அமைத்து இவற்றை அதனிடம் ஒப்படைக்க வேண்டும் என்ற பேச்சு தொடக்க நாள் முதல் இருந்தது. பத்தாண்டுகள் பேச்சாகவே இருந்தது.

இங்கே நம் அனுபவம் ஒன்றைக் கூறுதல் பொருந்தும். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நெசவாளர் சங்கத்தின் சொத்துப் பதிவேட்டைச் சரிபார்த்தபோது, சாயப்பட்டறை நின்றிருந்த ஏழு சென்ட் நிலத்தின் பட்டா முன்னாள் தலைவர் ஒருவர் பெயரில் இருக்கக் கண்டோம். அவர் நல்லவர், சங்கத்துக்குப் பணம் போதாத காலத்தில் தம் பெயரில் வாங்கிக் கொடுத்தவர். "மாற்றிவிடலாம், மாற்றிவிடலாம்" என்று பதினைந்து ஆண்டுகள் கழிந்தன. அவர் காலமான பின் அவருடைய வாரிசுகள் வந்து பட்டறையின் கதவில் பூட்டுப் போட்டார்கள். அவர்கள் மீதும் குற்றம் சொல்வதற்கில்லை. பத்திரம் அவர்கள் பக்கம் இருந்தது. இரண்டு மாதம் சாயம் ஏறாமல் நூல் கிடந்தது, தறிகள் நின்றன. கூலியில்லாமல் இருந்தவர்களில் பலர் அந்தப் பட்டறையின் சுவரைத் தம் கையாலேயே எழுப்பியவர்கள்.

சன் நிறுவனமும் ஒருவகையில் அந்த நல்ல தலைவரைப் போன்றதே. தன் செலவில் பல பொறியாளர்களுக்குச் சம்பளம் கொடுத்து அம்மென்பொருளை வளர்த்தது. 2010-ஆம் ஆண்டு ஜனவரி 27-ஆம் நாள், சன் நிறுவனம் முழுவதையும் ஆரக்கிள் நிறுவனம் வாங்கி முடித்தது. விலை ஏறத்தாழ 740 கோடி டாலர். அந்தப் பெருங்கிரயத்தில் ஓப்பன் ஆபீஸின் பெயரும் ஒரு சிறு உருப்படியாகக் கைமாறிற்று. பத்தாண்டு உழைத்த தன்னார்வலர் எவரையும் கேட்கவேண்டிய தேவை சட்டப்படி இல்லை.

பிரிவினை

புதிய உரிமையாளரின் எண்ணம் என்னவென்று சில மாதங்கள் காத்திருந்து பார்த்தனர். தெளிவான மறுமொழி கிட்டவில்லை. 2010 செப்டம்பர் 28-ஆம் நாள் முன்னணிப் பங்களிப்பாளர் பலர் கூடி, 'டாக்குமெண்ட் பவுண்டேஷன்', அதாவது ஆவண அறக்கட்டளை, என்னும் அமைப்பை அறிவித்தனர். ஆரக்கிளையும் அதில் சேருமாறு அழைத்தனர்; பழைய பெயரை அறக்கட்டளைக்கு நன்கொடையாகத் தருமாறு வேண்டினர். அதுவரை தற்காலிகமாக வழங்கட்டும் என்று வைத்துக்கொண்ட பெயரே 'லிப்ரே ஆபீஸ்'. ஆரக்கிள் பெயரைத் தரவில்லை. அடுத்த மாதமே, சமூக மன்றத்தில் இருந்துகொண்டு புதிய அமைப்பிலும் சேர்ந்தவர்கள் இரட்டை நலன் உடையவர்களாதலால் விலக வேண்டும் என்று கேட்கப்பட்டது. தற்காலிகப் பெயர் நிரந்தரமாயிற்று.

இது நடக்க முடிந்தது உரிமத்தினால். நம் ஊர்ப் பாகப்பிரிவினையில் நிலம் இரண்டாகும். ஒவ்வொருவர் பங்கும் சிறுத்துவிடும். மென்பொருளில் அப்படியன்று. பிரிந்து செல்வோர்க்கும் முழு நிலமும் கிடைக்கும். இருப்போர்க்கும் முழு நிலமும் இருக்கும். வீட்டு வாசலின் பெயர்ப்பலகையும், வாடிக்கைக்காரர் வந்து தட்டும் கதவும் மட்டும் ஒருவரிடமே தங்கும். 2011 ஜனவரி 25-ஆம் நாள் லிப்ரே ஆபீஸ் 3.3 வெளிவந்தது, மறுநாள் ஓப்பன் ஆபீஸ் 3.3 வெளிவந்தது. ஒரே விளைச்சல், இரண்டு களம்.

பிரிந்தவர்களுடைய நிலைமை அப்போது எளிதாக இல்லை. அறக்கட்டளை என்று அறிவித்தார்களே யன்றி, சட்டத்தின் கண்ணில் அப்படியொரு நபர் இன்னும் பிறக்கவில்லை. நன்கொடை வந்தால் யார் பெயரில் வங்கியில் போடுவது? இவ்விடத்தில் நம் போன்றோர் மனம் மகிழும் செய்தி ஒன்று உண்டு. ஜெர்மனியில் முன்பே முறையாகப் பதிவு பெற்றிருந்த பயனாளர் சங்கம் ஒன்று அந்த இடைக்காலத்துக்குப் பொறுப்பேற்று, பணத்தை வாங்கிக் கணக்கு வைத்தது. பதிவு பெற்ற சிறு சங்கம் ஒன்று கைவசம் இல்லாதிருந்தால் இம்முயற்சி என்னவாகியிருக்கும் என்று எண்ணிப் பார்க்கிறோம்.

ஜெர்மானியச் சட்டப்படி அறக்கட்டளை தொடங்குவதற்கு மூலதனம் வேண்டும். 2011 பிப்ரவரியில் 50,000 யூரோ வேண்டுமென வேண்டுகோள் விடுத்தனர். எட்டே நாட்களில் தொகை சேர்ந்துவிட்டது. பெருஞ்செல்வர் ஒருவர் கொடுத்ததன்று. பயனாளர்கள் தத்தம் சக்திக்கேற்பக் கொடுத்தது. இம்மூலதனம் நம் சேமநிதியைப் போலக் காக்கப்பட வேண்டியது. அன்றாடச் செலவுக்குக் கரைத்துவிடலாகாது. எல்லா ஏற்பாடும் முடிந்து 2012 பிப்ரவரி 17-ஆம் நாள் பெர்லின் நகரில் அறக்கட்டளை சட்டப்படி நிறுவப் பெற்றது.

ஜெர்மனி என்றதும் கூட்டுறவாளர்க்கு ரெய்பீசன் நினைவு வரும். 1890-களில் சென்னை அரசாங்கம் பிரடெரிக் நிக்கல்சனைக் கொண்டு ஐரோப்பிய நாணயச் சங்கங்களை ஆராயச் செய்ததும், அவர் ரெய்பீசன் முறையைப் பரிந்துரைத்ததும், பின்னர் 1904-ஆம் ஆண்டுச் சட்டம் பிறந்ததும் நம் பயிற்சி வகுப்புகளில் மனப்பாடமாக ஒப்பித்த பாடங்கள். அந்நாட்டார் சங்கம் அமைப்பதில் மட்டுமன்று, அறக்கட்டளை அமைப்பதிலும் கண்டிப்பானவர்கள் என்பதை இப்போதுதான் அறிகிறோம்.

யாருக்கு வாக்கு?

இவர்கள் ஏன் ஒரு கம்பெனியாகவோ சங்கமாகவோ பதிவு செய்யாமல் அறக்கட்டளையை நாடினர்? கம்பெனிக்குப் பங்குதாரர் உண்டு, பங்கை விற்கலாம், வாங்கியவன் புதிய உரிமையாளன் ஆவான். அந்தக் கசப்பைத்தான் அவர்கள் அப்போது விழுங்கியிருந்தார்கள். சங்கமானால் அங்கத்தினர்கள் கூடி நோக்கத்தை மாற்றலாம், கலைக்கலாம். அறக்கட்டளைக்கு உரிமையாளரும் இல்லை, பங்கும் இல்லை. அதன் நோக்கம் சாசனத்தில் எழுதப்பட்டுவிட்டது; அவ்வளவு எளிதில் மாற்ற முடியாது. பெயரும் பணமும் அந்த நோக்கத்துக்கே கட்டுப்பட்டவை. அதை வாங்குவதற்கு எந்தப் பெருநிறுவனம் பணமூட்டையுடன் வந்தாலும், விற்பதற்கு அங்கே ஒருவரும் இல்லை.

ஆயினும் உரிமையாளர் இல்லாத இடத்தில் ஆள்பவர் வேண்டுமே! இங்கேதான் அவர்கள் கூட்டுறவுக்கு மிக அண்மையில் வருகிறார்கள். அறக்கட்டளையில் அங்கத்தினராக விரும்புபவர் பணம் கட்ட வேண்டியதில்லை. குறைந்தது மூன்று மாதங்கள் அத்திட்டத்துக்கு ஏதேனும் ஒருவகையில் உழைத்திருக்க வேண்டும். மேலும் ஆறு மாதங்களேனும் உழைக்க எண்ணம் உடையவராதல் வேண்டும். நிரல் எழுதியவருக்கும், தமிழிலோ தாய்லாந்து மொழியிலோ பெயர்த்தவருக்கும் இவ்விஷயத்தில் வேற்றுமை இல்லை. ஒருவருக்கு ஒரு வாக்கு. அங்கத்தினர் எல்லாரும் சேர்ந்தது நம் பேரவையைப் போன்றது. அவர்கள் இரண்டாண்டுகளுக்கு ஒருமுறை ஏழு பேர் கொண்ட நிர்வாகக் குழுவைத் தேர்ந்தெடுக்கின்றனர். புதிய அங்கத்தினரைச் சேர்ப்பது நிர்வாகக் குழுவின் வேலையன்று. அதற்கெனத் தனியே தேர்ந்தெடுக்கப்பட்ட அங்கத்தினர் குழு உண்டு. நிர்வாகக் குழுவின் தேர்தலை நடத்துவதும் அந்தத் தனிக் குழுவே. தேர்தல் நெருங்கும்போது தமக்கு வேண்டியவர்களை அங்கத்தினராகச் சேர்க்கும் வித்தையை அறிந்த நம் வாசகர்க்கு இந்த ஏற்பாட்டின் அருமை சொல்லாமலே விளங்கும்.

பணம் தரும் நிறுவனங்களுக்கென்று ஆலோசனைக் குழு ஒன்று இருக்கிறது. அது பெயருக்கேற்ப ஆலோசனை கூறலாம்; வாக்கு இல்லை. நம் சங்கங்களில் பங்குத்தொகை கட்டியவர், தறியே ஓட்டாவிட்டாலும், வாக்களிக்கிறார். அங்கே தொகை கட்டியவருக்கு வாக்கு இல்லை. தறி ஓட்டியவருக்கே வாக்கு. எது சிறந்தது என்று நாம் இங்கே தீர்ப்புக் கூற வரவில்லை. நெய்வதை விட்டுப் பல்லாண்டாகியும் பட்டியலில் பெயர் மட்டும் நிற்கும் அங்கத்தினர்களைப் பல சங்கங்களில் பார்த்தவர்கள் என்ற முறையில், அந்த ஏற்பாட்டின்மீது நமக்குச் சற்றுப் பொறாமை உண்டு என்பதை மறைக்கவில்லை.

மற்றொரு விதி இன்னும் கருதத்தக்கது. ஒரே நிறுவனத்தில் வேலை செய்பவர்கள் நிர்வாகக் குழுவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இருத்தலாகாது. தொடக்கத்தில் நிரல் எழுதியோரில் கணிசமானவர்கள் நாவல், பின்னர் சூசே, என்னும் நிறுவனத்தின் ஊழியர்கள். அவர்கள் நினைத்திருந்தால் தேர்தலில் வென்று குழு முழுவதையும் நிரப்பியிருக்கலாம். ஒரு முதலாளியின் பிடியிலிருந்து தப்பி வந்தவர்கள், மற்றொரு முதலாளி பின்வாசல் வழியாக நுழையாதபடி முன்கூட்டியே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டனர். பதிப்புரிமையிலும் அவர்கள் பாடம் கற்றிருந்தனர். கூட்டுரிமை எழுதித் தரும் வழக்கத்தை அறவே ஒழித்தார்கள். இன்று லிப்ரே ஆபீஸில் எழுதுபவர் ஒவ்வொருவரும் தம் பதிப்புரிமையைத் தாமே வைத்துக்கொண்டு, குறிப்பிட்ட உரிமத்தின் கீழ் வழங்குவதாக மட்டும் தெரிவிக்கின்றனர். அறக்கட்டளை தானே விரும்பினாலும் அனைத்தையும் பூட்டிவைக்க முடியாது.

இத்தனைக்கும் மேல், பெர்லின் மாநில அரசாங்கத்தில் அறக்கட்டளைகளை மேற்பார்வை செய்யும் அதிகாரி உண்டு. அவருக்கு ஆண்டுதோறும் கணக்குக் காட்ட வேண்டும். பொதுநலச் சலுகை பெறுவதால் வரித்துறைக்கும் விடை சொல்ல வேண்டும். இந்த வரியைப் படித்தபோது, கடல் கடந்த நாட்டில் நம் உறவினர் ஒருவரைக் கண்டாற்போல் இருந்தது.

பழைய பெயரின் கதி

மறுபக்கத்தையும் கூறாவிட்டால் நியாயமாகாது. 2011 ஜூனில் ஆரக்கிள் நிறுவனம் ஓப்பன் ஆபீஸின் மூலநிரலையும் பெயரையும் அப்பாச்சி மென்பொருள் அறக்கட்டளையிடம் ஒப்படைக்க முன்வந்தது. அப்பாச்சி அமெரிக்காவில் 1999 முதல் இயங்கிவரும் மதிப்புக்குரிய அமைப்பு; உலகின் இணையப் பணிகளில் பெரும்பகுதி அதன் மென்பொருள்கள் மீது நடந்திருக்கிறது. ஆகவே பெயர் தகாத இடத்துக்குச் சென்றது என்று கூறுவதற்கில்லை. ஆனால் உழைப்பாளிகள் ஏற்கெனவே வேறு இடத்தில் தறி நாட்டிவிட்டார்கள்.

உரிமங்களும் ஒத்துவரவில்லை. அப்பாச்சி உரிமத்தின் கீழ் உள்ள நிரலை லிப்ரே ஆபீஸ் எடுத்துக்கொள்ளலாம். லிப்ரே ஆபீஸின் நிரலை, அதன் உரிம நிபந்தனை காரணமாக, அப்பாச்சி தன் விதிப்படி எடுத்துக்கொள்ள இயலாது. மேட்டு வயலிலிருந்து பள்ளத்து வயலுக்குப் பாயும் வாய்க்கால் போல் ஒருவழிப் பாய்ச்சலாயிற்று. ஓப்பன் ஆபீஸ் 4.1 என்பது 2014-இல் வெளிவந்தது. அதன்பின் அந்த வரிசையிலேயே சிறு திருத்தங்களாக வந்துகொண்டிருக்கிறது. 2016-இல் திட்டத்தை முடித்துவிடலாமா என்னும் விவாதமே அதன் பொறுப்பாளர்களிடையே எழுந்தது. லிப்ரே ஆபீஸோ ஆண்டுக்கு இரு பெரிய பதிப்புகளை வெளியிட்டு வருகிறது.

வியப்பு என்னவெனில், பழைய பெயரை நாடி வருவோர் இன்னும் மிகப் பலர். 2020 அக்டோபரில், ஓப்பன் ஆபீஸ் வெளிவந்து இருபதாண்டு நிறைந்த வேளையில், ஆவண அறக்கட்டளை அப்பாச்சிக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதியது: புதிய வளர்ச்சி வேண்டுவோர்க்கு லிப்ரே ஆபீஸ் என்று ஒன்று இருப்பதைத் தெரிவியுங்கள் என்பது அதன் சாரம். பத்தாண்டு கழிந்தும் பெயர்ப்பலகை ஓரிடத்திலும் தறி ஓரிடத்திலுமாக இருப்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை. உரிமம் அவர்களுக்கு நிலத்தைக் கொடுத்தது, பெயரைக் கொடுக்கவில்லை. பெயர் முதலிலேயே பொதுவில் இருந்திருந்தால் பிரிவினையே நேர்ந்திராது என்பது நம் கருத்து.

அறக்கட்டளை அமைந்துவிட்டதால் சச்சரவு ஓய்ந்துவிட்டது என்றும் எண்ண வேண்டா. நன்கொடைப் பணத்தைக் கொண்டு சில வேலைகளை ஒப்பந்தப்புள்ளி கோரி வெளி நிறுவனங்களிடம் கொடுக்கிறார்கள். மென்பொருளை நன்கு அறிந்த நிறுவனங்கள் சிலவே. அவற்றில் வேலை செய்பவர்களே நிர்வாகக் குழுவிலும் வந்து அமர்கின்றனர். வேலை கொடுப்பவரும் வாங்குபவரும் ஒருவரேயாகும் இடர் இது. இதைப் பற்றி அங்கே நெடிய வாக்குவாதங்கள் நடந்து, நலன் முரண்பாட்டு விதிகள் வகுக்கப்பட்டுள்ளன. நூல் கொள்முதல் தீர்மானத்தின்போது, நூல் வியாபாரியின் மைத்துனர் கூட்டத்திலிருந்து எழுந்து வெளியே செல்ல வேண்டுமா என்ற கேள்வி அது. நம் தீர்மானப் புத்தகங்களில் இதைப் பலமுறை கண்டிருக்கிறோம். அவர் எழுந்து சென்றதாக எழுதியிருப்பதை அரிதாகவே கண்டிருக்கிறோம்.

மறுபடியும் அச்சங்கத்துக்குச் சென்றபோது முதியவரைத் தேடி அமர்த்தி இவற்றை விளக்கினோம். அந்த மென்பொருளை எழுதியவர்கள் பலர். அவரவர் எழுதியது அவரவர்க்கே சொந்தம். ஆனால் அனைவரும் பயன்படுத்த எழுதிக் கொடுத்திருக்கிறார்கள், அதைத் திரும்பப் பெற இயலாது. பெயரும் பணமும் பெர்லினில் உள்ள அறக்கட்டளையில் இருக்கின்றன. எவனாவது வந்து 'என்னுது' என்றால், பெயரைப் பற்றி வழக்காடலாமே யன்றி, கணக்கு எழுதுவதைத் தடுக்க முடியாது என்று கூறினோம். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"அதெல்லாம் சரிங்க ஐயா. நம்ம சங்கத்துக்கு ஒரு இணையதளமும் ஈமெயிலும் போட்டிருக்கறாங்களே, அது யாரு பேருலீங்க இருக்குது?" என்றார்.

காரியதரிசியைப் பார்த்தோம். சென்ற ஆண்டு வேலையை விட்டுப் போன எழுத்தர் தம் சொந்தத் தொலைபேசி எண்ணைக் கொடுத்துத் தம் பெயரிலேயே பதிவு செய்ததாகவும், கடவுச்சொல் அவரிடமே இருப்பதாகவும் அவர் தயங்கிக் கூறினார். சங்கத்தின் முத்திரைப் பெயரைத் தாங்கிய அந்த முகவரிக்குத்தான் கண்காட்சி ஆர்டர்கள் வருகின்றன. முப்பது நாட்களுக்குள் அவற்றைச் சங்கத்தின் பெயருக்கு மாற்றி, நிர்வாகக் குழுத் தீர்மானத்தின் நகலையும் சேர்த்து அனுப்புமாறு ஆய்வுக் குறிப்பில் எழுதிக் கையெழுத்திட்டு வந்தோம்.